தண்ணி நின்ன உயரத்துக்கு ஒரு நீலக்கோடு: தெருவா சேர்ந்து போடறது எப்படி

ஐப்பசி மழைக்கு இன்னும் ரெண்டு மூணு மாசம் இருக்கும்போதே ஆரம்பிச்சா தான், வெள்ளத்தண்ணி நின்ன உயரத்தை தெரு முழுக்க சுவத்துல நீலக்கோடா போடற இந்த வேலை ஒழுங்கா முடியும், அதனால இப்பவே எழுதிடறேன். பருவநிலை மாற்றத்தை பத்தி நம்ம தெருவுல ஏதாவது பண்ணணும், ஆனா எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலன்னு நினைக்கறவங்களுக்கு இது. ஓவியம் வரைய தெரியணும்னு அவசியமே இல்ல. கோலம் போட தெரிஞ்ச நாலு பேரு, சுவத்துல மட்டம் பாக்க தெரிஞ்ச ஒரு கொத்தனாரு, இவங்க இருந்தா போதும்.

நாங்க இருக்கறது சென்னையில வேளச்சேரி பக்கம். முதல் தடவை நாங்க பண்ணது ஒரு கூட்டம், ப்ரொஜெக்டர் வெச்சு கிராஃப் எல்லாம் காட்டி ஒரு மணி நேரம் பேசினோம், வந்தவங்க மரியாதையா உக்காந்து கேட்டாங்க, டீ குடிச்சாங்க, போயிட்டாங்க. போகும்போது வாசல்ல செருப்பு போட்டுக்கிட்டே ஒரு அம்மா பக்கத்துல இருந்தவங்க கிட்ட சொல்றாங்க, "எங்க வீட்ல சாமி படம் வரைக்கும் வந்துச்சு". அவ்வளவு தான், உடனே அங்க இருந்த பத்து பேரும் ஆரம்பிச்சுட்டாங்க, எங்க வீட்ல ஸ்விட்ச் போர்டு வரைக்கும், எங்க வீட்ல ஃபிரிட்ஜ் மிதந்துச்சுன்னு. உள்ள ஒரு மணி நேரம் நாங்க பேசினப்ப வராத பேச்சு வாசல்ல அஞ்சு நிமிஷத்துல வந்துடுச்சு. அப்ப தான் புரிஞ்சுது, இவங்களுக்கு நாம சொல்லித்தர்றதை விட இவங்க கிட்ட இருக்கறதை வெளிய கொண்டு வர்றது தான் முதல் வேலைன்னு.

இந்த கோடு எங்க இருந்து வந்துச்சு

ஐடியா எங்களோடது கிடையாது. ஈவ் மோஷர்னு ஒரு ஓவியர், 2007-ல நியூயார்க்ல பேஸ்பால் மைதானத்துல வெள்ளைக்கோடு போடற தள்ளுவண்டி இருக்கும்ல, அதுல நீல சாக்பவுடரை போட்டு புரூக்ளின், மன்ஹாட்டன் கரையோரமா கிட்டத்தட்ட 70 மைல் நடந்தே கோடு போட்டாங்க. கடல் மட்டத்துக்கு 10 அடி மேல இருக்கற இடத்தை எல்லாம் சேர்த்து ஒரு கோடு, பெரிய புயல் வந்தா தண்ணி இது வரைக்கும் வரலாம், கடல் ஏற ஏற அது அடிக்கடி வரும்னு விஞ்ஞானிகள் சொன்னதை ரோட்ல எழுதி காட்டின மாதிரி. வழியில "என்னம்மா பண்றே"ன்னு கேட்டவங்க கிட்ட நின்னு நின்னு பேசினாங்க, கோட்டை விட அந்த பேச்சு தான் பெருசு. அஞ்சு வருஷம் கழிச்சு 2012 அக்டோபர் கடைசியில சாண்டி புயல் வந்தப்ப பல இடத்துல தண்ணி அந்த கோட்டு பக்கமே வந்து நின்னுச்சு. அப்புறம் மியாமி, பிரிஸ்டல் இந்த ஊர்கள்ல அந்தந்த ஊர் ஜனங்களே சேர்ந்து கோடு போட்டாங்க.

அவங்களுக்கு அது வரப்போற தண்ணி. நமக்கு வந்துட்டு போன தண்ணி. 2015 டிசம்பர் 1-ந்தேதி தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல், ரெண்டுலயும் எங்க தெரு மூழ்குச்சு. அதனால மேப்பு, சாட்டிலைட் எதுவும் தேவைப்படல, அளவு ஜனங்க உடம்புலயே இருக்கு.

இதே 2015 டிசம்பர் 3-ந்தேதி, இங்க நாம மொட்டை மாடியில சோத்துப்பொட்டலத்துக்கு காத்துக்கிட்டு இருந்தப்ப, பாரிஸ்ல பருவநிலை மாநாட்டுக்காக ஓலாஃபூர் எலியாசன்ங்கற கலைஞரும் மினிக் ரோசிங்ங்கற புவியியலாளரும் கிரீன்லாந்து கடல்ல மிதந்த 12 பனிப்பாறைங்களை கொண்டு வந்து ஒரு சதுக்கத்துல வட்டமா வெச்சாங்க, ஜனங்க தொட்டு பாத்தாங்க, கட்டிப்பிடிச்சாங்க, அது கரைஞ்சு ஓடுச்சு. நல்ல வேலை தான், எனக்கு ரொம்ப பிடிக்கும். ஆனா அங்க ஜனங்க வந்து பாக்கறவங்க. நான் இங்க சொல்றது ஜனங்களே செய்யறது, நீங்க வெறும் டேப் பிடிக்கற ஆளு.

முதல்ல ஆளு சேருங்க, சங்கத்துல மட்டும் இல்ல

அஞ்சு பேரு போதும். ஆனா குடியிருப்போர் நலச்சங்கத்து ஆளுங்க மட்டும் இருந்தா கோடு கோணலா போயிடும். ஏன்னா சங்கத்துல இருக்கறவங்க பெரும்பாலும் வீட்டுக்காரங்க, மாடியில இருக்கறவங்க. தண்ணியில நின்னது கீழ்வீட்ல வாடகைக்கு இருந்தவங்க, இஸ்திரி வண்டிக்காரரு, வாட்ச்மேன் குடும்பம், முனையில பூ கட்டறவங்க. எங்களுக்கு கிடைச்ச அளவுகள்ல ரொம்ப சரியானது இஸ்திரி போடற அண்ணன் கொடுத்தது தான், அவரோட வண்டி எந்த கேட்டு கம்பியில போய் சிக்குச்சுன்னு அவருக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு.

கோலம் போடறவங்களை முதல் நாளே கூப்பிட்டு பேசுங்க, கடைசியில "அலங்காரத்துக்கு" கூப்பிடாதீங்க. எங்க எவ்வளவு அகலமா போடலாம், எந்த நேரத்துல போட்டா வண்டி ஏறாம நிக்கும், எந்த மாவு எந்த தரையில பிடிக்கும், இதெல்லாம் அவங்களுக்கு தான் தெரியும்.

கேள்வி ஒண்ணே ஒண்ணு தான்

"உங்க வீட்ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" இதை மட்டும் கேளுங்க, பருவநிலைன்னு வாயையே திறக்காதீங்க. ரெண்டு ஞாயித்துக்கிழமை இதுக்கே ஒதுக்குங்க. ஜனங்க "இடுப்பளவு", "நெஞ்சளவு"ன்னு சொல்லுவாங்க, அதை அப்படியே எழுதிக்காதீங்க, யாரோட இடுப்பு? "எங்கன்னு கை வெச்சு காட்டுங்கம்மா"ன்னு சொல்லுங்க. கை வெச்ச இடத்துல சாக்பீஸால ஒரு சின்ன கோடு, தரையில இருந்து டேப் வெச்சு அளவு, எந்த வருஷ தண்ணின்னு பக்கத்துல ஒரு எழுத்து. 2015-ம் 2023-ம் ஜனங்க மனசுல கலந்து கிடக்கும், அதனால "அப்ப பையன் எத்தனாவது படிச்சான்"ன்னு கேட்டா பிரிஞ்சு வந்துடும்.

ஞாபகத்தை மட்டும் நம்பாதீங்க. பெயின்ட் அடிச்சாலும் உப்பு பூத்து தெரியற கறை, இரும்பு கேட்டுல ஒரே மட்டத்துல ஏறின துரு, பீரோவோட கீழ்ப்பகுதி, போன்ல இருக்கற பழைய போட்டோ, இதெல்லாம் பாருங்க. ஒரு தெருவுக்கு குறைஞ்சது மூணு இடத்துல ஆளும் அடையாளமும் ஒத்துப்போனா அது நம்பக்கூடிய அளவு.

ஒண்ணு முக்கியம். பேசும்போது சிலர் அழுவாங்க. எங்க தெருவுல ஒரு தாத்தா, அவரு சம்சாரத்தை 2015-ல ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக முடியாம போச்சு, சுவத்துல கையை வெச்சவரு அப்படியே கையை எடுக்காம நின்னுட்டாரு. நாங்க டேப்பை பையில போட்டுட்டு அவரோட திண்ணையில உக்காந்துட்டோம், அன்னிக்கு வேற எந்த வீட்டுக்கும் போகல. அந்த வீட்டு அளவு எங்க நோட்டுல இல்ல, இல்லாமலே இருக்கட்டும்.

அனுமதி

இதுல தான் நிறைய பேரு மாட்டிக்கறாங்க. அரசாங்க சுவர், பாலம், ஃபிளைஓவர் தூண் இதுல எழுதணும்னா மாநகராட்சி மண்டல ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்கணும், பொது இடத்தோட அழகை குலைக்கறதுக்கு எதிரா 1959-லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. மின்கம்பம், தெருவுல இருக்கற கரண்ட் பில்லர் பாக்ஸ் பக்கம் போகவே கூடாது, கோட்டுக்காக கூட. தனியார் சுவருக்கு வீட்டுக்காரர் சம்மதம் போதும், வாய்வார்த்தை வேண்டாம், ஒரு நோட்டுல கையெழுத்து வாங்கிக்கோங்க. லோக்கல் ஸ்டேஷன்ல ஒரு தகவல் கடிதம் கொடுத்துட்டா காலையில தெருவை அரை மணி நேரம் மறிக்கும்போது பிரச்சனை வராது.

வீட்டுக்காரங்க பக்கம் இருந்து வர்ற பயம் ஒண்ணு இருக்கு, "கோடு போட்டா வாடகைக்கு யாரும் வர மாட்டாங்க, வீட்டு விலை இறங்கிடும்". இதை சிரிச்சு தள்ளாதீங்க, வாழ்நாள் சேமிப்பு அந்த வீட்ல தான் இருக்கு. நாங்க அவங்களுக்கு கொடுத்த வழி, சுவத்துல எதுவும் எழுதாம கேட்டுல அந்த உயரத்துல ஒரு நீலத்துணி நாடா கட்டிக்கலாம், சாயங்காலம் அவுத்துடலாம். ரெண்டு வீட்ல அதுவும் வேண்டாம்னுட்டாங்க, கோடு அங்க விட்டு அடுத்த வீட்ல தொடர்ந்துச்சு.

இன்னொரு பயம் இதை விட நியாயமானது. ஆத்தங்கரை குடியிருப்புல போய் கோடு போடறதா இருந்தா ரொம்ப யோசிங்க. 2015-க்கு அப்புறம் வெள்ளத்தை காரணம் காட்டி அடையாறு கரையில இருந்த குடும்பங்களை பெரும்பாக்கம் பக்கம் கொண்டு போய் விட்டாங்க, அந்த பெரும்பாக்கமே 2023-ல தண்ணியில நின்னுச்சு. நீங்க போடற கோட்டை நாளைக்கு யாராவது போட்டோ எடுத்து "பாருங்க, இங்க யாரும் இருக்கக்கூடாது"ன்னு ஃபைல்ல வெச்சுடலாம். அங்க இருக்கறவங்களே கேட்டா தவிர, வெளியில இருந்து போய் அங்க கோடு போடாதீங்க. இது என்னோட தீர்மானமான கருத்து.

சாமான்

சுவத்துக்கு, தாளிச்ச சுண்ணாம்புல துணிக்கு போடற நீலம் கலந்தா போதும், நம்ம ஊர் வீடுகளுக்கு அடிச்ச அதே நிறம் தான், மழையில வெயில்ல மெதுவா மங்கும், பெயின்ட் மாதிரி நிரந்தரமா நிக்காது. கல்லு சுண்ணாம்பை வாங்கி நீங்களே தண்ணி ஊத்தி கொதிக்க விடாதீங்க, தெறிச்சு கண்ணுல பட்டா பெரிய ஆபத்து, தாளிச்சதா வாங்கிடுங்க, அப்பவும் கிளவுஸ் போடுங்க, சின்ன பசங்க கையில சுண்ணாம்பு பிரஷ் வேண்டாம், அவங்களுக்கு சாக்பீஸ்.

தரைக்கு பச்சரிசி மாவு. கடையில விக்கற பளபளன்னு இருக்கற கலர் பொடியை தவிர்த்துடுங்க, நாம கழுவி விடறது மழைநீர் வடிகால் வழியா கடைசியில எங்க தெருவுல இருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு தான் போகுது. நீலம் வேணும்னா சங்குப்பூ சாறுல மாவை பிசறி நிழல்ல காய வெச்சா வெளிர் நீலமா வரும், அதுவே போதுமானது.

அப்புறம் கொத்தனார் சாமான்: நூல்கண்டு, டேப், அரை இஞ்சு கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் டியூப் ஒரு பதினஞ்சு மீட்டர்.

டியூப் லெவல்

ஒரு வீட்ல தண்ணி நின்ன மட்டத்தை டியூப் வெச்சு தெருவுல மத்த வீடுகளுக்கும் கொண்டு போறது தான் இது. இந்த ஒரு வேலையை மட்டும் எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு செய்யுங்க, அவசரப்படாதீங்க. நம்பக்கூடிய ஒரு வீட்டு அளவை எடுத்துக்கோங்க, எங்களுக்கு அது தரையில இருந்து நாலரை அடி. டியூப்ல காத்துக்குமிழ் இல்லாம தண்ணி நிரப்பணும், குமிழ் இருந்தா மட்டம் பொய் சொல்லும், டியூபை விரலால சுண்டி சுண்டி குமிழை மேல ஏத்தி விடுங்க, ரெண்டு முனையும் திறந்தே இருக்கணும். ஒரு முனையை தெரிஞ்ச அளவுல பிடிக்கணும், இன்னொரு முனையை அடுத்த வீட்டு சுவத்துக்கிட்ட ஒருத்தர் கொண்டு போகணும். தண்ணி ரெண்டு முனையிலயும் கொஞ்சம் ஆடும், ஏறும், இறங்கும், அப்புறம் நிக்கும். முதல் வீட்ல தண்ணி சரியா குறிமேல நிக்கும்போது ரெண்டாவது வீட்ல அது எங்க நிக்குதோ அங்க ஒரு குறி.

எங்க தெரு லேசா சரிவு, அது எங்களுக்கு கண்ணால தெரியவே தெரியாது. கடைசி வீட்டுக்கு போனப்ப டியூப்ல தண்ணி ஏறிக்கிட்டே போய் ஒரு ஆள் உயரத்துக்கு நின்னுச்சு. பிடிச்சுக்கிட்டு இருந்தது ப்ளஸ் டூ படிக்கற பொண்ணு, அவ கையை தலைக்கு மேல தூக்க வேண்டியதா போச்சு. அந்த வீட்ல 2015-ல யாரும் குடி இல்ல, இப்ப கைக்குழந்தையோட ஒரு குடும்பம் இருக்கு, அந்த அம்மா வாசல்ல நின்னு அந்த பொண்ணோட கையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, யாரும் எதுவும் பேசல. எந்த கிராஃபும் அதை செஞ்சிருக்காது.

ஒரு எச்சரிக்கை, தேங்கி நின்ன தண்ணிக்கு தான் இந்த மட்டம் சரியா வரும். ஆத்துத்தண்ணி வேகமா ஓடின தெருவுல மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உயரம் மாறும், அங்க வீட்டுக்கு வீடு தனியா அளவு எடுங்க. அதே மாதிரி ரொம்ப தூரத்துக்கு ஒரே மட்டத்தை இழுத்துக்கிட்டு போகாதீங்க, தெரு திரும்பினா புதுசா ஆரம்பிங்க.

கோடு போடற நாள்

ஆடிப்பெருக்கை ஒட்டி வர்ற ஞாயிறு நல்ல நாள், வீடுகள்ல தண்ணியை நினைக்கற நேரம், மழையும் அவ்வளவா இருக்காது. காலையில அஞ்சரைக்கு வாசல் தெளிக்கும்போதே ஆரம்பிச்சுடுங்க, எட்டரைக்கு மேல வெயிலும் வண்டியும் வந்துடும். நூலை நீலத்துல முக்கி ரெண்டு குறிக்கும் நடுவுல இழுத்து பிடிச்சு ஒரு சுண்டு, கோடு விழுந்துடும், அது மேல பிரஷ்ஷால ரெண்டு இஞ்சு அகலத்துக்கு இழுக்கணும். அவங்க வீட்டு கோட்டை அவங்களே இழுக்கணும், நீங்க வாங்கி இழுக்காதீங்க, கோணினா கோணட்டும்.

கீழ வாசல்ல கோலம், என்ன போடறதுன்னு நீங்க சொல்ல வேண்டாம், "தண்ணியில போனது ஒண்ணு, காப்பாத்தினது ஒண்ணு"ன்னு மட்டும் கேளுங்க. எங்க தெருவுல தையல் மிஷின் வந்துச்சு, ரேஷன் கார்டு வந்துச்சு, மார்க் ஷீட்டு, ஒரு நாய், ஒரு வீட்ல சும்மா சிக்குக்கோலம் போட்டு அதுல ஒரு இழையை மட்டும் மூடாம விட்டுட்டாங்க.

பசங்க தானாவே கோட்டுக்கிட்ட போய் நின்னு யாரு முழுகுவாங்க, யாரு முழுகமாட்டாங்கன்னு பாப்பாங்க. தடுக்காதீங்க.

முடிஞ்சா ரெண்டாவதா ஒரு கோடு, இல்ல கோடு கூட வேண்டாம், வெறும் புள்ளி. பழைய ஏரி எது வரைக்கும் இருந்துச்சுன்னு பெரியவங்களை கேட்டு, கரை எங்க, மதகு எங்க, ஏரி நிறைஞ்சா மிச்சத்தண்ணி வழியற கலங்கல் எங்கன்னு புள்ளி வெச்சுக்கிட்டே போங்க. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு இருக்கு, லேக் எங்கன்னு அங்க பொறந்து வளர்ந்த பசங்களுக்கு தெரியாது. வள்ளுவர் கோட்டம் நிக்கறது நுங்கம்பாக்கம் ஏரியில. நீலக்கோடும் இந்த புள்ளிங்களும் ஒரே தெருவுல சேர்ற இடத்துல ஜனங்க தானா நின்னு பேச ஆரம்பிப்பாங்க.

இப்ப பருவநிலையை பேசலாம்

அப்பவும் யாராவது கேட்டா தான். கேப்பாங்க. "இதெல்லாம் குளோபல் வார்மிங்காலயா, இல்ல ஏரியை தூர்த்ததாலயா?" இந்த கேள்விக்கு பொய் சொல்லாதீங்க. 2015 மழையை ஆராய்ஞ்ச ஒரு விஞ்ஞானிகள் குழு, அதுல வெப்பமயமாதலோட பங்கு தெளிவா தெரியலன்னு தான் சொன்னாங்க. ஆனா பொதுவா காத்து ஒரு டிகிரி சூடானா கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடுதலா ஈரத்தை தாங்கும், பெய்யும்போது கொட்டித்தீக்கும். உலக அளவுல கடல் மட்டம் 1901-ல இருந்து சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கு, கடல் உசந்தா ஆத்து முகத்துவாரத்துல தண்ணி வெளிய போறதுக்கு தாமதமாகும். ஏரி இருந்த இடத்துல வீடு, வடியற வழியில சுவர், அதுக்கு மேல கூடுதல் மழை, கீழ ஏறற கடல், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. இந்த அளவுக்கு சொன்னா போதும், ரெண்டு நிமிஷம். "எல்லாம் பருவநிலையால தான்"னு நீங்க சொல்லிட்டா, வடிகாலை தூர் வாராதவங்களுக்கு அது நல்ல சாக்கா போயிடும்.

வெள்ளமே வராத ஊரா இருந்தா வேற வழி இருக்கு. வெயில் தான் பிரச்சனைன்னா, ரீடிங் பல்கலைக்கழகத்துல எட் ஹாக்கின்ஸ் 2018-ல போட்ட பட்டைங்க மாதிரி, ஒரு வருஷத்துக்கு ஒரு பட்டை, குளிர்ந்த வருஷம் நீலம், சூடான வருஷம் சிவப்புன்னு, பழைய புடவை கிழிச்சு தைக்கலாம். தையல் தெரிஞ்ச பெண்கள் குழு இருந்தா பிரமாதமா வரும்.

செய்யக்கூடாதது ரெண்டு மூணு

ஸ்பான்சர் பேனர் வேண்டாம், அந்த கோட்டுக்கு மேல பேனர் வந்துட்டா ஜனங்க அது விளம்பரம்னு நினைச்சுடுவாங்க. சிறப்பு விருந்தினர் வேண்டாம், அவரு வர்ற வரைக்கும் வெயில்ல நிக்கணும். தெரிஞ்ச ஓவியர் வந்து "நான் கொஞ்சம் சரி பண்றேன்"னு சொன்னா அவரு கையில டியூபை கொடுங்க. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, குறிப்பா அழறவங்களை எடுக்கவே எடுக்காதீங்க.

கோடு போட்ட பிறகு

அன்னிக்கு சாயங்காலமே ஒரு நீள நோட்டுல வீட்டு வாரியா அளவு, வருஷம், தண்ணி எத்தனை நாள் நின்னுச்சு, கீழ்வீட்ல வயசானவங்க, நடக்க முடியாதவங்க, கைக்குழந்தை இருக்கா, மாடியில யாரு கதவு திறப்பாங்க, இதை எழுதுங்க. இது ஊருக்கு காட்டற லிஸ்ட் இல்ல, தெருவுல ரெண்டு பேரு கிட்ட மட்டும் இருக்கட்டும். அந்த கடைசி வீட்டு கைக்குழந்தை அம்மாவுக்கு எதிர் மாடியில இருக்கறவங்க அன்னிக்கே சாவி கொடுத்துட்டாங்க, யாரும் சொல்லாமலே.

அளவுங்களை மட்டும் தனியா ஒரு தாள்ல எழுதி, வடிகால் எங்க அடைச்சிருக்குன்னு குறிச்சு, வார்டுல ஜனங்க கூடி பேசற ஏரியா சபை கூடும்போது கொடுங்க, கவுன்சிலர் கிட்ட ஒரு காப்பி, மாநகராட்சி புகார் நம்பர் 1913-க்கு போன் பண்ணி ஒரு புகார் பதிவு, அவங்க கொடுக்கற பதிவு நம்பரை நோட்டுல எழுதிக்கோங்க. எங்களுக்கு ரெண்டு இடத்துல தூர் வாரினாங்க, மூணாவது இடம் இன்னும் அப்படியே கிடக்கு, கேட்டுக்கிட்டு தான் இருக்கோம்.

மழை வந்ததும் கோலம் போயிடும், சுண்ணாம்பும் மங்கிடும். அடுத்த தடவை தண்ணி வந்து வடிஞ்ச உடனே, சுவர் காயறதுக்கு முன்னாடி, அந்த ஈரக்கறை தெரியும்போதே ஒரு சாக்பீஸ் எடுத்து தேதியோட குறிச்சுடுங்க. வீடு கழுவற அவசரத்துல எல்லாரும் முதல்ல தேய்ச்சு எடுக்கறது அந்த கறையை தான், அதனால சாக்பீஸை நோட்டோட சேர்த்து இப்பவே ஒரு கவர்ல போட்டு மாடியில வெச்சுடுங்க.